மகளிர் குழுவுக்குப் புதிதாக ஊக்குநர் ஆனவர் முதல் ஆறு மாதத்தில் பழக வேண்டியவை

மகளிர் சுய உதவிக் குழு தொடங்கும் அன்று, கூட்டம் நடத்திக் கணக்கு எழுதும் ஊக்குநரைத் தேர்ந்தெடுப்பது ஐந்து நிமிட வேலை. “நீதான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்க, நீயே இரும்மா” என்று நோட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சேலம் பக்கம் கொண்டலாம்பட்டித் தறி வீடுகளிலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகளிலும் சரி, பெரும்பாலும் இப்படித்தான். படிப்பு நோட்டு எழுத உதவும். பதினைந்து பேர் உங்களை நம்பிப் பணம் வைக்க அது போதாது. உங்கள் கணக்கை யாரும் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம், உங்கள் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தாலும் குழு நடக்கும் என்ற நிலை வந்தால்தான் அந்த நம்பிக்கை வரும். அந்த நிலையைக் கொண்டுவரும் பழக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறோம். இதற்குப் பிறவிக் குணம் எதுவும் தேவையில்லை. அதிகம் பேசாதவர்கள் இந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழு முறை 1989-ல் பக்கத்து தருமபுரி மாவட்டத்தில்தான் அரசு முயற்சியாகத் தொடங்கியது. பிறகு சேலத்துக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் பரவி, 1997-98-ல் மகளிர் திட்டமாக விரிந்தது. பயிற்சிக்குப் போனால் முதல் நாளே பஞ்ச சூத்திரம் சொல்லிக் கொடுப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்), கெடு தவறாமல் திருப்பிக் கட்டுவது, அன்றன்றே எழுதும் கணக்கு. இதை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழுக்களும் உடைந்திருக்கின்றன. சூத்திரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதை மனுஷர்களிடம் எப்படி நடத்துவது என்பது ஊக்குநரின் பழக்கத்தில் இருக்கிறது.

முதல் மாதம்: ஒவ்வொருவரையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஐந்து விஷயம் எழுதினால் போதும். கூலி கைக்கு வரும் நாள் எது? வீட்டு வேலை முடிந்து ஒரு மணி நேரம் உட்கார முடிகிற பொழுது எது? பாஸ்புக்கை அவரே படிப்பாரா, பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாரா? வாரக் கலெக்‌ஷன் கட்டும் வேறு கடன் இருக்கிறதா? வருடத்தில் கை இறுகும் மாதம் எது?

இதை வைத்துத்தான் கூட்ட நாளை முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்கும் தறி வீடுகளில் ஞாயிறு காலை கூட்டம் வைத்தால் பணம் வரும். வியாழக்கிழமை வைத்தால் வராது. ஏற்காட்டு மலைமேல் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. பறித்ததை அளந்து கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் மூடுபனி இறங்கி இருட்டிவிடும். அந்த மூன்று மாதமும் மாலைக் கூட்டம் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஊக்குநரோ அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்வார். நேரம் பொருந்தாமல் வராதவரை மனசில்லாமல் வராதவராக எண்ணுவதுதான் புது ஊக்குநர்கள் செய்யும் முதல் தவறு.

கை இறுகும் மாதமும் இப்படித்தான். ஜூனில் பள்ளிக்கூடச் செலவு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சொந்தபந்தம், விருந்து. பறிப்பு முடிந்த பிறகு மலையில் வருமானம் மெலியும். எந்த மாதத்தில் யார் தவணை தடுமாறும் என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும். தெரிந்துவிட்டால், “ஆடி மாசம் பாதித் தவணை, ஆவணியில் ஒன்றரை” என்று முன்கூட்டியே தீர்மானம் போடலாம். தவறிய பிறகு போய்க் கேட்பதற்கும் முன்பே ஏற்பாடு செய்வதற்கும் நடுவில்தான் குழுவின் மரியாதை இருக்கிறது.

வேறு கடனைப் பற்றிக் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக, அவர் வீட்டுத் திண்ணையிலோ தண்ணீர் எடுக்கப் போகும் வழியிலோ பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அந்த நோட்டும் மற்றக் கணக்குப் புத்தகங்களோடு பொதுவில் கிடக்கக் கூடாது. யாருக்கு எங்கே கடன் என்ற செய்தி உங்கள் வழியாக ஒருமுறை வெளியே போய்விட்டால், அதன் பிறகு ஒருவரும் உங்களிடம் உண்மை சொல்லமாட்டார்கள்.

ஒரு மணி நேரக் கூட்டம்

பாயை வட்டமாக விரியுங்கள். நாற்காலியில் நீங்கள் மட்டும் உட்காராதீர்கள். வயதானவர் முழங்கால் வலி என்றால் அவருக்கு நாற்காலி கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து பேர் வந்திருந்தாலும் வருகைப் பதிவைத் தொடங்கிவிடுங்கள். தாமதத்துக்கு அபராதம் 10 ரூபாய் என்று விதி இருந்தால், நீங்கள் தாமதமாக வரும் முதல் நாளே அந்தப் பத்து ரூபாயை எல்லோரும் பார்க்கக் கட்டுங்கள். விதிக்கு உயிர் வருவது அன்றைக்குத்தான்.

வருகையும் போன கூட்டத் தீர்மானம் வாசிப்பதும் 10 நிமிடம். சேமிப்பு, தவணை வசூல் 20 நிமிடம். புதுக் கடன் பேச்சு 20 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் ஊராட்சியின் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பிலிருந்து வந்த செய்தி, ரேஷன், ஆஸ்பத்திரி முகாம் என்று மற்ற பேச்சு. இந்த மற்ற பேச்சைத் தொடக்கத்தில் விட்டால் வசூல் நடக்கும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். சோறு வடிக்க வேண்டும், பிள்ளை அழுகிறது என்று போவதில் தப்பில்லை. எது முதலில், எது கடைசியில் என்று வைப்பது உங்கள் பொறுப்பு.

பணம் எண்ணும் இடத்தில் மட்டும் அவசரம் ஆகாது. இதைப் படிப்படியாகப் பாருங்கள், ஏனென்றால் சந்தேகம் முளைப்பது இங்கேதான்.

வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், எண்ணுபவர் மூன்றாமவர். ஊக்குநர் எழுதலாம், பணத்தைத் தொட வேண்டாம். ஒவ்வொருவர் கொடுக்கும்போதும் “வள்ளியக்கா, சேமிப்பு 200, அசல் 1,000, வட்டி 60” என்று வாங்குபவர் உரக்கச் சொல்ல வேண்டும். பாஸ்புக்கில் அந்த இடத்திலேயே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதித் தருகிறேன் என்று பதினைந்து பாஸ்புக்கை அடுக்கி எடுத்துப் போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். பிறகு கூட்டிப் படியுங்கள். உதாரணமாக: கையிருப்பு 450, பதினான்கு பேர் சேமிப்பு 2,800, அசல் 4,000, வட்டி 310. மொத்தம் 7,560. இன்று கொடுக்கும் கடன் 5,000, வங்கியில் போடுவது 2,000. போக மீதி 560. இந்த 560 யார் கையில் இருக்கிறது என்று பெயரோடு தீர்மானத்தில் எழுதி, அவர் கையெழுத்து வாங்குங்கள். எல்லோரும் கலையும் முன் இந்த நான்கு வரியையும் வாய்விட்டுப் படித்தால், தெருமுனையில் நாளைக்கு வரக்கூடிய பேச்சு இன்றைக்கே நின்றுவிடும்.

நூறு ரூபாய் குறைந்தால் உங்கள் முந்தானையிலிருந்து எடுத்து வைத்துச் சரிக்கட்டாதீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் பலன் தலைகீழாகிவிடும். தப்பு எங்கே நடந்தது என்று தேடும் வாய்ப்பே போய்விடும். அடுத்த மாதம் நூறு கூடுதலாக இருந்து, அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அது திருட்டாகத் தெரியும். “100 ரூபாய் குறைவு, அடுத்த கூட்டத்தில் சரிபார்க்கப்படும்” என்று எழுதுங்கள். உங்கள் தப்புதான் என்று பிறகு தெரிந்தால், காரணம் அடுக்காமல் “போன மாசம் செல்வியக்கா தவணையை நான்தான் எழுத விட்டுட்டேன், இப்ப எழுதியாச்சு” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

வட்டியை வாயால் விளக்கத் தெரிய வேண்டும்

பல ஊக்குநர்கள் வட்டிக் கணக்கை எழுதுவார்கள், விளக்கமாட்டார்கள். உறுப்பினருக்குப் புரியாத கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவர் கண்ணுக்கு மூடிய பெட்டிதான்.

10,000 ரூபாய் கடன், பத்து மாதம், மாதம் 1,000 அசல், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்து 90, அடுத்து 80 என்று குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550. முழுத் தொகைக்கே பத்து மாதமும் வட்டி போட்டால் 1,000. வட்டி விகிதம் ஒன்று என்றுதான் இரண்டு இடத்திலும் சொல்வார்கள். வித்தியாசம் 450 ரூபாய். இதைப் பத்துப் புளியங்கொட்டை எடுத்து வைத்து, மாதம் ஒன்றாக நகர்த்திக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இரண்டு நிமிடத்தில் விளங்கும். வெளியே வாரக் கலெக்‌ஷனுக்கு வாங்கிய கடனில் தான் என்ன கட்டுகிறோம் என்று அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

நீங்கள் கடைசியாகப் பேசுங்கள்

யாருக்குக் கடன் கொடுப்பது என்ற பேச்சில் ஊக்குநர் முதலில் வாய் திறந்தால் “அக்கா சொன்னா சரிதான்” என்று வட்டம் முழுக்கத் தலையாட்டிவிடும். அது சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். மனத்தாங்கல் வெளியே போய்ப் பேசப்படும்.

வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் இடப்பக்கத்திலிருந்து. நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, நீங்களும்தான். எப்போதும் பேசாதவர் ஒருவர் இருப்பார். அவரிடம் “என்ன சொல்றீங்க?” என்று பொதுவாகக் கேட்டால் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். “இவங்களுக்கு அஞ்சாயிரம் போதுமா, எட்டு வேணுமா?” என்று இரண்டில் ஒன்று கேளுங்கள், பதில் வரும். இரண்டு மூன்று கூட்டம் இப்படிப் போனால் கேட்காமலே பேசத் தொடங்குவார். எல்லோரும் முடித்த பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதற்குள் அது மாறியிருந்தால் மாறிவிட்டது என்றே சொல்லுங்கள்.

கடன் விதியை யாருக்கும் அவசரம் இல்லாத மாதத்தில் எழுதிவைப்பது நல்லது. வைத்தியம் முதலில், படிப்பு அடுத்து, தொழில் அதற்கடுத்து என்று குழுவே வரிசை போட்டுக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும்போது விதி எழுத உட்கார்ந்தால் அழுகிறவருக்குச் சாதகமாகத்தான் எழுதத் தோன்றும். அடுத்த முறை அழத் தெரியாதவர் ஏமாறுவார்.

உங்களுக்கே கடன் தேவை என்றால், குழு தொடங்கி முதல் சுற்றில் எடுக்காதீர்கள். உங்கள் மனுவைப் பேசும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள், ஊக்குநரோடு பொறுப்பில் இருக்கும் குழுப் பிரதிநிதி நடத்தட்டும். உங்கள் நாத்தனார், ஓரகத்தி குழுவில் இருந்தால் அவர்கள் விஷயத்திலும் இதே முறைதான். ஊக்குநர் வீட்டுக்கே முதல் கடன் போன குழுவில் மற்றவர்கள் தவணை கட்டுவதும் சுணங்கும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தவணை தவறியவரிடம் போவது

தலைமை என்பது உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். இரண்டு நாளுக்குள் போங்கள், தனியாகப் போங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அவர் உங்களைக் கண்டு ஒளியத் தொடங்கியிருப்பார். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது முற்றுகை. மாமியார், கணவர் இருக்கும் நேரம் வேண்டாம். பணத்தைக் குடும்பத்துக்குத் தெரியாமல் வாங்கியிருக்கலாம், அல்லது அவர் கட்டக் கொடுத்ததை வேறொருவர் எடுத்துச் செலவழித்திருக்கலாம்.

“ஏன் கட்டல?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும். “கூட்டத்துக்கு வரலீங்களே, உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். நீங்களே பேசி அதை நிரப்ப வேண்டாம். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு, “இந்த மாசம் எவ்ளோ முடியும், எந்தத் தேதிக்கு?” என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் தொகை 300 ஆக இருந்தாலும் அதை ஒப்புக்கொண்டு அவர் கண்முன்னே தேதியோடு எழுதுங்கள். நீங்கள் சொல்லி அவர் தலையாட்டிய ஆயிரத்தைவிட, அவரே சொன்ன முந்நூறு பெரும்பாலும் வந்து சேரும்.

இரண்டாம் முறையும் தவறினால் தவணையைச் சின்னதாக்கி மாதத்தைக் கூட்டித் தரக் கூட்டத்தில் தீர்மானம் போடலாம். அதை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், கூட்டத்தில்தான் முதல்முறை கேட்டார் என்று ஆகக் கூடாது. மூன்றாம் முறைதான் குழு முழுவதும் பேச வேண்டிய விஷயம். தெருக் குழாயடியில் கேட்பது, பிள்ளையிடம் “அம்மாவைப் பணம் கட்டச் சொல்லு” என்று சொல்லி அனுப்புவது, வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போடுவது எந்த நிலையிலும் வேண்டாம். பணம் வந்தாலும் ஆள் போய்விடுவார், அவரோடு அவர் உறவுக்காரர் இரண்டு பேரும் போவார்கள்.

அவருக்காக நீங்கள் கட்டிவிடுவதும் கூடாது. குழுவுக்கு உண்மை நிலவரம் மறைந்துவிடுகிறது. அவருக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொரு கடன் முளைக்கிறது. அடுத்தவரும் அதை எதிர்பார்க்கிறார்.

சொன்னதைக் குறித்துவையுங்கள்

“பேங்க்ல கேட்டுச் சொல்றேன்”, “நானே பேசிக்கிறேன்” என்று ஊக்குநர் வாயிலிருந்து வாரத்துக்கு இப்படி நாலைந்து வாக்குகள் போகும். சொன்னவருக்கு மறந்துவிடும், கேட்டவருக்கு மறக்காது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன சொன்னேன், யாரிடம், என்றைக்குள், ஆயிற்றா. இன்னும் முடிக்காத வாக்கு மூன்றுக்கு மேல் நிற்கும்போது புதிதாக எதையும் ஏற்காதீர்கள். “இந்த வாரம் முடியாதுங்க, அடுத்த செவ்வாய் போறேன்” என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை. போய்ப் பார்த்து வேலை நடக்காவிட்டாலும், நடக்கவில்லை என்ற செய்தியை நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள்.

வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் மாதாமாதம் மாறட்டும். தீர்மான நகல், குழு பாஸ்புக், முத்திரை, கையெழுத்துப் போடுபவர்களின் ஆதார் நகல் ஒரே பையில் இருக்கட்டும். எழுதாத செக்கிலோ பணம் எடுக்கும் சீட்டிலோ முன்கூட்டிக் கையெழுத்து வாங்கிவைக்காதீர்கள், யார் கேட்டாலும் போட்டுக் கொடுக்காதீர்கள். “தினமும் எங்கக்கா வர்றது” என்ற அலுப்பில்தான் இது தொடங்கும். மலைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து ஏற்காடு வருவது ஒரு நாள் கூலியைத் தின்னும் என்பது உண்மைதான். அதற்குப் பஸ் செலவைக் குழுவே தரும் என்று தீர்மானம் போடுவதுதான் வழி.

இன்னொருவரைத் தயார் செய்வது

நான்காவது மாதத்திலிருந்து தொடங்குங்கள். கணக்கு எழுத விருப்பமுள்ள இரண்டு பேரைக் குழுவே சொல்லட்டும். முதல் கூட்டத்தில் நீங்கள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாவதில் ரொக்கப் புத்தகத்தை நீங்களும் பாஸ்புக்கை அவர்களில் ஒருவரும் எழுதுங்கள். மூன்றாவதில் எல்லாவற்றையும் அவரே எழுதட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். தப்பு வந்தால் பேனாவைப் பிடுங்காதீர்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவரே கண்டுபிடிப்பார். நான்காவது கூட்டத்துக்கு, முன்பே சொல்லிவிட்டு, போகாமல் இருங்கள். திரும்பி வந்து நோட்டைப் பார்க்கும்போது கூட்டல் சரியாக இருந்தால் போதும், கையெழுத்து கோணலாக இருப்பதைப் பேசாதீர்கள். என்ன நன்றாக இருந்தது என்பதை மட்டும் குறிப்பாகச் சொல்லுங்கள்: “கையிருப்பு யாருகிட்டனு பேர் போட்டு எழுதியிருக்கீங்க, அதான் முக்கியம்.” திருத்த வேண்டியது இருந்தால் ஒன்றே ஒன்று, தனியாக.

இங்கே பல நல்ல ஊக்குநர்களும் தடுக்கி விழுகிறார்கள். தான் இல்லாவிட்டால் குழு நடக்காது என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அப்படி ஒரு குழுவில் ஊக்குநருக்கு மஞ்சள்காமாலை வந்தால் இரண்டு மாதம் கூட்டம் நின்று, மூன்றாம் மாதம் தவணை நின்றுவிடும்.

பொறுப்பை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று குழு தன் விதியில் எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றும் நாளில் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: வங்கி இருப்பு, கையிருப்பு, நிற்கும் கடன் ஆள்வாரியாக, புத்தகங்கள் எத்தனை, முத்திரை, பெட்டிச் சாவி. இருவரும் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெயருக்கு ஒருவர், பணம் எடுக்க இன்னொருவர் என்று ஆகிவிடும். அடுத்த கூட்டத்தில் புது ஊக்குநருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். பழக்க தோஷத்தில் உங்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். மூன்று கூட்டம் வரை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அவரைக் கை காட்டுங்கள்.